காப்புரிமை கையில், லைசென்ஸ் எங்கே? ஜி.டி. நாயுடுவின் ரேசரும் ரேடியோவும் காரும்

கே.கே. நகரில் வாடகை ஃபிளாட்டின் ஒரு அறையை ஒர்க்‌ஷாப் ஆக்கி, ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய போர்டுகளோடு ராத்திரி ரெண்டு மணி வரை உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள் இப்போது நிறைய. ஏதாவது ஒன்று வேலை செய்ய ஆரம்பித்ததும் நண்பர்கள் சொல்லும் முதல் வார்த்தை: உடனே பேட்டன்ட் வாங்கிடு. அந்த அலுவலகமும் பக்கத்திலேயேதான் இருக்கிறது. அசோக் பில்லர், ஈக்காட்டுத்தாங்கல் வழியாகக் கிண்டிக்குப் போனால் ஜி.எஸ்.டி. சாலையில் அறிவுசார் சொத்துரிமைக் கட்டடம்.

பேட்டன்ட் வாங்கினால் அதற்கு அப்புறம் என்ன? பலரும் யோசிக்காத கேள்வி இது. காப்புரிமை என்பது தயாரிக்கும் அனுமதி அல்ல, விற்பனைக்கான உத்தரவாதமும் அல்ல. உங்கள் கண்டுபிடிப்பை அடுத்தவர் உங்கள் சம்மதம் இல்லாமல் செய்யாதபடி தடுக்கும் உரிமை, அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள, 1974-ல் கோவையில் மறைந்த ஒருவரின் வாழ்க்கையைப் பார்த்தாலே போதும். அவர் ஷேவிங் ரேசர் செய்தார், ஓட்டுப்பதிவு மெஷின் செய்தார், கேமராவுக்கு ஃபோகஸ் கருவி செய்தார், பழச்சாறு பிழியும் இயந்திரமும் மண்ணெண்ணெயில் சுற்றும் ஃபேனும் செய்தார். கார் வரை போனார். ஆனால் இன்று நம் வீடுகளில் அவர் பெயர் போட்ட ஒரு பொருள்கூட இல்லை.

கோபாலசாமி துரைசாமி நாயுடு, சுருக்கமாக ஜி.டி. நாயுடு, கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் கிராமத்தில் 1893 மார்ச் 23 அன்று பிறந்தார். விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்து வரவில்லை, மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. வாத்தியார் முகத்தில் மண்ணை வாரி வீசிய பையன் என்று ஊரில் கதை உண்டு.

அவர் வாழ்க்கையைத் திருப்பியது ஒரு மோட்டார் பைக். வெள்ளைக்கார வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் ரட்ஜ் கம்பெனி மோட்டார் சைக்கிளில் வந்ததைப் பார்த்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஒரு வண்டி தானாக ஓடுவது கிராமத்துக்குப் புதுசு. அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்தே ஆக வேண்டும் என்று கோவைக்குப் போய், ஒரு ஹோட்டலில் சர்வராகச் சேர்ந்தார். ஏறக்குறைய மூன்று வருடம் காசு சேர்த்து, 300 ரூபாய் கொடுத்து ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றவில்லை. அக்கக்காகக் கழற்றி, மறுபடியும் பூட்டினார். அவர் படித்த எஞ்சினியரிங் காலேஜ் அதுதான்.

பிறகு மெக்கானிக் வேலை. முதல் உலகப் போர்க் காலத்தில் பருத்தித் தொழிலில் நல்ல சம்பாத்தியம், அதை எடுத்துக்கொண்டு பம்பாய்க்குப் போய்ப் பருத்தி வியாபாரத்தில் மொத்தமாக இழப்பு. கையை ஊன்றி எழுந்தது 1920-ல். கோவையின் ஆங்கிலேயத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸின் உதவியோடு ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். அந்த ஒரு பஸ் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற கம்பெனியாக வளர்ந்தது. 1933 வாக்கில் அதில் சுமார் 280 பஸ்கள் இருந்தன. யு.எம்.எஸ். என்றால் கொங்கு நாட்டுப் பெரியவர்களுக்கு இன்றும் தெரியும்.

அவருடைய கண்டுபிடிப்புகள் இத்தனை துறைகளில் சிதறிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, மேதை, எதையும் செய்வார் என்று சொல்லி முடித்துக்கொள்வது சுலபம். கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் வேறு ஒன்று தெரியும். நூற்றுக்கணக்கான பஸ்கள் ஓட்டுபவருக்கு எஞ்சின் சூடாகும் பிரச்சினை தினமும் வரும். ரேடியேட்டர் தேவை, அதற்காக யுனிவர்சல் ரேடியேட்டர்ஸ். பஸ் நேரத்துக்குப் புறப்பட வேண்டும், கடிகாரம் தேவை, கோபால் கிளாக் இண்டஸ்ட்ரி வந்தது. டைனமோ, ஆர்மேச்சர் கருகிப் போகும், அதைச் சுற்றித்தர ஆர்மேச்சர் வைண்டிங் ஒர்க்ஸ். எந்தத் துறைக்குள்ளும் அவர் பாடப் புத்தகம் வழியாகப் போகவில்லை. ஏதோ ஒன்று பழுதாகும், அந்தப் பழுதின் வழியாக உள்ளே போய்விடுவார்.

ரேசர் கதையும் ஐரோப்பியப் பயணத்தோடு சேர்ந்தது. 1930களின் நடுவில் அவர் ஐரோப்பா போனார். லண்டனில் 1936 ஜனவரியில் நடந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தன் கேமராவில் படம்பிடித்தார். ஜெர்மனியின் சின்னச் சின்ன மோட்டார்கள் அவரை ரொம்பவே இழுத்தன. அமெரிக்காவில் ஜேக்கப் ஷிக் என்பவர் மின்சார ஷேவருக்கு 1930-லேயே காப்புரிமை வாங்கி, மறு வருடமே விற்க ஆரம்பித்திருந்தார். ஆனால் அது சுவர் பிளக்கில் செருக வேண்டிய சாதனம். சுவரில் பிளக் இல்லாத ஊர்க்காரர் அதை வைத்து என்ன செய்வது?

நாயுடு செய்த ரேசர் டிரை செல்லில் ஓடியது. டார்ச் லைட்டில் போடுகிற மாதிரி பேட்டரி. உள்ளே இருந்த குட்டி மோட்டார் ஜெர்மனியின் ஹைல்பிரானில் தயாரானது. பெயர் ‘ரசான்ட்’. ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்கு அதிவேகம் என்று பொருள், நம் காதுக்கு ‘ரேசர்’ மாதிரியும் விழும். நல்ல பிராண்ட் பெயர்தான். ரேசருக்குக் காப்புரிமையும் வாங்கினார். இதோடு மெல்லிய ஷேவிங் பிளேடு ஒன்றையும் உருவாக்கினார்.

ரசான்ட் பற்றிப் பேசும்போது பலர் உலகின் முதல் எலெக்ட்ரிக் ஷேவர் என்று ஃபார்வர்டு செய்கிறார்கள். அது தவறு. காப்புரிமைச் சட்டம் முதன்முதலில் யார் நினைத்தார்கள் என்று பார்ப்பதில்லை, முன்பு இருந்ததைவிட இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று பார்க்கிறது. ஏற்கெனவே இருக்கும் பொருளில் செய்யும் நல்ல மாற்றத்துக்கும் காப்புரிமை உண்டு. மண்ணெண்ணெய் ஃபேனும் அப்படித்தான். விளக்கின் சூட்டில் காற்று விரிந்து சுருங்கி எஞ்சினை ஓட்டும் அந்த மாதிரி ஃபேன்கள் உலகில் முன்பே இருந்தவைதான். கரன்ட் வராத ஊருக்கு ஏற்ற மாதிரி ஒன்றைத் தன் பட்டறையில் செய்ய வேண்டும் என்பதுதான் நாயுடுவின் குறி. அவர் செய்தவற்றில் பாதிக்கு மேல் இந்த ரகம். இது குறை ஒன்றும் இல்லை, உலகத்தில் பதிவாகும் காப்புரிமைகளில் பெரும்பகுதி இப்படிப்பட்ட மேம்பாடுகள்தான்.

சினிமா கேமராவுக்குத் தூரத்தைச் சரிசெய்யும் கருவியும் இப்படி வந்ததுதான். அந்தக் காலத்துக் கேமராவில் ஆட்டோ ஃபோகஸ் கிடையாது. எதிரில் நிற்பவர் எத்தனை அடி தள்ளி இருக்கிறார் என்று கணக்குப் போட்டோ டேப் பிடித்தோ லென்ஸைத் திருப்ப வேண்டும். தலைவர்களையும் ஊர்வலங்களையும் ஓடி ஓடிப் படம்பிடித்த ஆளுக்கு இது எவ்வளவு பெரிய தலைவலி என்று தெரியும்.

ஓட்டு மெஷினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1936-37 மாகாணத் தேர்தலில் நாயுடு சுயேச்சையாகப் போட்டியிட்டுத் தோற்றவர். சென்னை மாகாணத்தில் அப்போது வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி, காங்கிரஸுக்கு மஞ்சள் பெட்டி. சுதந்திரத்துக்குப் பிறகு 1951-52 பொதுத் தேர்தலிலும் ஆளுக்கொரு பெட்டிதான், மேலே சின்னம் ஒட்டியிருக்கும். இதில் உள்ள ஓட்டையைக் கண்டுபிடிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. ஒரு பெட்டியில் விழுந்த சீட்டு இன்னொரு பெட்டிக்குப் போனால் முடிவே மாறிவிடும். முறைகேடு செய்ய முடியாத ஓட்டுப்பதிவு இயந்திரம் என்று நாயுடு ஒன்றை வடிவமைத்தார். அதைத் தேர்தலில் யாரும் பயன்படுத்தவில்லை. பயன்படுத்துவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் ஒரே வாடிக்கையாளர் அரசாங்கம்தானே. இந்தியாவில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் முதன்முதலாகக் களத்துக்கு வந்தது 1982-ல், கேரளத்தின் பரவூர் தொகுதியில். இன்று கே.கே. நகர்க்காரர்கள் விருகம்பாக்கம் தொகுதி பூத்தில் அழுத்தும் பட்டன் அந்த வழியில் வந்தது, நாயுடுவின் இயந்திரத்திலிருந்து அல்ல.

எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்தார் என்று சொல்வதும் சரியல்ல. 1937-ல் கோவை பீளமேட்டில் தயாரான மின்மோட்டார், இந்தியாவிலேயே உருவான முதல் மோட்டார் என்று கொண்டாடப்படுகிறது. அதில் டி. பாலசுந்தரம் நாயுடுவின் பங்கு மிகப் பெரியது. இருவரும் சேர்ந்து நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸைத் தொடங்கினார்கள். பின்னால் டெக்ஸ்டூல் நிறுவனத்தை உருவாக்கியவர் இந்தப் பாலசுந்தரம்தான். மின்மோட்டார் புதிய கண்டுபிடிப்பு அல்ல, ஐரோப்பாவில் அப்போதே பழசு. ஆனால் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து 1930களின் தொடக்கத்தில் கோவைக்குக் கரன்ட் வந்து, மில்லும் கிணற்று பம்ப்செட்டும் பெருகிய நேரம் அது. மோட்டாரை இங்கேயே செய்ய முடியும் என்று காட்டியதன் பலனைக் கோவை இன்றும் அனுபவிக்கிறது. நாயுடுவின் பெயரோடு வரும் விஷயங்களில் ஊருக்கு அதிகம் பயன்பட்டது எது என்று கேட்டால், காப்புரிமைக்கு இடமே இல்லாத இந்த மோட்டாரைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

70 ரூபாய் ரேடியோ, 2,000 ரூபாய் கார்

1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தயாரித்துத் தர முடியும் என்று நாயுடு அறிவித்தார். ரேடியோ என்பது பணக்கார வீட்டு ஹாலில் துணி போர்த்தி வைத்திருந்த காலம். இங்கே காப்புரிமையின் இன்னொரு முகத்தையும் பார்க்க வேண்டும். ரேடியோ சர்க்யூட்களுக்கான முக்கியமான காப்புரிமைகள் அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. போன்ற பெரிய நிறுவனங்களின் கையில் இருந்தன. ரேடியோ செய்ய வேண்டும் என்றால் அவர்களுக்கு ராயல்டி கட்ட வேண்டும். சின்ன ஆளைப் பாதுகாக்கும் அதே சட்டம், பெரிய ஆள் கையில் இருந்தால் சின்ன ஆளை வாசலிலேயே நிறுத்தும்.

1952-ல் வந்தது கார். இரண்டு பேர் உட்காரும் சின்ன பெட்ரோல் கார், விலை 2,000 ரூபாய். மாதிரி வண்டி ஓடியது. ஆனால் தயாரிக்க அரசு லைசென்ஸ் தரவில்லை. திட்டம் அதோடு முடிந்தது.

ஏன் தரவில்லை? இது ஒரு தனி மனிதர் மீதான பகை என்று சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. 1951-ல் நிறைவேறிய தொழில்கள் மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் 1952 மே மாதம்தான் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, முக்கியத் தொழில்களில் யார் என்ன தயாரிக்கலாம், எவ்வளவு தயாரிக்கலாம் என்பதை டெல்லி முடிவு செய்தது. மோட்டார் வாகனமும் அந்தப் பட்டியலில் ஒன்று. அந்நியச் செலாவணி குறைவு, இரும்பு குறைவு, இருப்பதைச் சில பெரிய தொழிற்சாலைகளுக்குக் கொடுத்தால் போதும் என்பது அப்போதைய எண்ணம். அதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதன் விளைவு, அடுத்த முப்பது வருடங்களுக்கு இந்தியர்கள் இரண்டு மூன்று மாடல் கார்களுக்காக வருடக்கணக்கில் பெயர் பதிந்து காத்திருந்தார்கள். சின்னக் குடும்பக் கார் பரவலாகத் தெருவுக்கு வந்தது 1983-ல் மாருதி 800 வந்த பிறகு. பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸ் முறை ஒழிந்தது 1991 ஜூலையில்.

நாயுடுவின் கார் ஓடியிருக்குமா, நம் ரோட்டில் தாங்கியிருக்குமா, 2,000 ரூபாய் விலை கட்டுப்படியாகியிருக்குமா என்பதெல்லாம் வேறு விஷயம். சந்தைதான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சந்தைக்கு அது போகவே இல்லை.

வரி விஷயத்திலும் அரசோடு அவருக்கு நீண்ட சண்டை. 1950களில், வரிச் சுமையை எதிர்த்துத் தான் உருவாக்கிய பொருட்களையே பொதுமக்கள் முன்னால் அடித்து நொறுக்கினார். பலருக்கு அது வேதனை, சிலருக்கு அது வேடிக்கை. செய்தது சரியா? அந்தப் பொருட்களுக்குள் வேலை செய்த தொழிலாளிகளின் உழைப்பும் இருந்தது. அரசைத் திருத்த அது உதவியதாகவும் தெரியவில்லை. ஆனால் பிடிவாதம் என்பது அவரிடம் அங்கங்கே வந்துபோகும் குணம் அல்ல, ஆளே அப்படித்தான்.

அதே பிடிவாதம்தான் கல்வியிலும். 1945-ல் அவரது கொடையில் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் பிறந்தன. அன்றைய சென்னை மாகாண கவர்னரின் பெயர் அது. கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி, ஜி.சி.டி. மூன்றாம் வகுப்பு படித்தவர் அதன் முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தார். நாலு வருடப் படிப்பு வீண், ரொம்பக் குறைந்த காலத்திலேயே ஒரு ஆளைத் தேறிய எஞ்சினியராக ஆக்கலாம் என்று வாதாடினார். அரசு ஒப்புக்கொள்ளவில்லை, விலகிவிட்டார். அவர் பக்கம் முழு நியாயம் இருந்ததா என்பது சந்தேகம்தான். மெஷினைக் கழற்றிப் பூட்டக் கொஞ்ச நாள் போதும், ஒரு பாலத்தின் சுமையைக் கணக்கிடப் போதாது. ஆனால் டிகிரி கையில் இருந்தும் ஸ்பேனரைத் தொட்டதில்லை என்று கேம்பஸ் இன்டர்வியூவில் இன்றைக்கும் கேட்கும் புலம்பலை நினைத்தால், அவர் கேள்வியை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. சர் சி.வி. ராமன் அவரை மிகவும் மதித்தார். நாயுடுவின் தோட்டத்தைப் பார்க்க ராமனும் வந்தார், விஸ்வேஸ்வரய்யாவும் வந்தார்.

தோட்டமா? ஆமாம், அதுவும் ஒரு துறை. ஆள் உயரத்தைத் தாண்டி வளரும் பருத்தி, புது ரகச் சோளம், பப்பாளி என்று அங்கே தனியாக ஆராய்ச்சி நடந்தது. இந்தியச் சட்டத்தில் செடிகொடிகளுக்குக் காப்புரிமை கிடையாது. புதிய பயிர் ரகங்களுக்கு என்று தனிச் சட்டம் வந்ததே 2001-ல்தான். ஒரு வீட்டை அஸ்திவாரத்திலிருந்து தொடங்கி 11 மணி நேரத்தில் கட்டி முடித்தும் காட்டினார். இப்போது பிரீ-ஃபேப் என்று விளம்பரம் செய்கிறார்களே, அந்த யோசனைக்குப் பக்கத்தில் வருவது.

‘இந்தியாவின் எடிசன்’ என்ற பட்டம் அவருக்கு நிலைத்துவிட்டது. பாராட்டுத்தான், ஆனால் ஒப்பீடு பொருந்துகிறதா? எடிசன் பெயரில் அமெரிக்காவில் 1,093 காப்புரிமைகள் உண்டு. அவருக்குப் பின்னால் மென்லோ பார்க் ஆய்வகமும், ஜே.பி. மார்கன் போன்றவர்களின் பணமும் இருந்தன. இந்தப் பட்டத்தை இன்னொரு இந்தியருக்கும் கொடுத்திருக்கிறார்கள்: 1867-ல் பம்பாயில் பிறந்த சங்கர் ஆபாஜி பிஸே. அச்செழுத்து வார்க்கும் இயந்திரம் முதல் அயோடின் மருந்து வரை துறை விட்டுத் துறை தாவியவர். லண்டனிலும் நியூயார்க்கிலும் காப்புரிமைகளைக் குவித்தார். தாதாபாய் நௌரோஜி உதவினார், ரத்தன் டாட்டா பணம் போட்டார். அப்படியும் அவரது அச்சு இயந்திரம் பெரிய தொழிலாக நிலைக்கவில்லை, 1935-ல் நியூயார்க்கில் காலமானார். நாயுடுவுக்கு அந்தப் பணக் கஷ்டம் இல்லை. அவர் பஸ் முதலாளி, தன் ஆராய்ச்சிக்குத் தானே செலவு செய்தவர். அதனால்தான் ஒரே பொருளைப் பத்து வருடம் துரத்த வேண்டிய கட்டாயமும் அவருக்கு வரவில்லை. ஒன்று செய்து முடித்ததும் அடுத்ததற்குப் போய்விட்டார். முதலீட்டாளர் யாராவது கழுத்தில் உட்கார்ந்து நெருக்கியிருந்தால் ரசான்ட் ஒரு பெரிய பிராண்டாகவே ஆகியிருக்கலாம்.

1944-லேயே மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்புகளிலிருந்து ஒதுங்கி, அறக்கொடை, பயிற்சி என்று திரும்பியிருந்த அவர், 1974 ஜனவரி 4 அன்று காலமானார். கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் அருங்காட்சியகத்தில் அவர் உருவாக்கிய பொருட்கள் இருக்கின்றன, பக்கத்திலேயே கார் அருங்காட்சியகமும் உண்டு. அதே அவிநாசி சாலைக்கு மேலே 10 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்தில் கட்டிய மேம்பாலம் 2025 அக்டோபரில் அவர் பெயரோடு திறக்கப்பட்டது.

கே.கே. நகர் ஒர்க்‌ஷாப்காரர்களுக்குக் கடைசியாக ஒரு விஷயம். இப்போது காப்புரிமையின் ஆயுள் 20 வருடம். தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்க அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய், பரிசோதனைக்கான கட்டணம் தனி. விண்ணப்பிக்கும் முன்பே உங்கள் சாதனத்தை ரீல்ஸாகப் போட்டுவிட்டால் அதன் புதுமை போய்விட்டதாகக் கருதப்படும் ஆபத்து உண்டு, அதனால் வீடியோ பிறகு. முழு விவரமும் தயாராக இல்லையென்றால் தற்காலிக விவரத்தோடு முதலில் பதியலாம். அதிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரத்தையும் தாக்கல் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள்.